உட்கார்ந்து பிழியும் சந்தகை

2023 ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை. நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். ஐந்து மணிக்குக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. இரண்டு தொட்டியும் நிரம்ப நாற்பது நிமிடம் ஆகும். அதற்குள் பல் தேய்த்து, சவரம் செய்து, செடிகளுக்கு ஊற்றிவிட்டு, ஐந்து நாற்பதுக்கு வால்வை மூடினேன். ஐந்து நாற்பத்தைந்துக்குக் காப்பி. எங்கள் போத்தனூர் வீட்டில் தண்ணீர் வருகிற ஞாயிறு எல்லாம் இப்படித்தான் தொடங்கும். அன்றைக்கு மட்டும் டைரியில் ஆறு மணிக்கு எதிரே ஒரு புது வரி இருக்கிறது: "கட்டையின் எண்ணெயைத் துடைத்துக் குழலுக்குள் விட்டு எடுத்தேன். வெண்ணெய் மாதிரி இறங்குகிறது."

அந்த வரியைப் படித்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

விஷயம் சந்தகை. அரிசி மாவை இட்லி போல வேகவைத்து, ஆவி பறக்கப் பறக்க அச்சில் போட்டு நூலாகப் பிழிவது. எங்கள் வீட்டில் இருபத்திநாலு வருடமாக ஞாயிறு காலை என்றால் சந்தகைதான். மூன்று கால் வைத்த இரும்பு மிஷின் ஒன்று இருந்தது. மேலே இருக்கிற திருகை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்ற வேண்டும். என் மனைவி சுற்றுவாள், நான் கீழே தட்டைப் பிடிப்பேன்.

அந்த வருடம் பிப்ரவரியில் மொட்டை மாடி ஈரத்தில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்தபோது டாக்டர், எல்லாம் செய்யலாம், முறுக்கிப் பிழிகிற வேலையும் திருகுகிற வேலையும் மட்டும் கூடாது என்றார். அடுத்த ஞாயிறு நான் சுற்றினேன், அவள் தட்டைப் பிடித்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நீங்க சுத்துனா சந்தகையாட்ட இல்லீங்க. கம்பெனில செஞ்சு வந்த மாதிரி இருக்குது" என்றாள்.

நான் பம்ப் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருபத்தேழு வருடமாக இருக்கிறேன். அதைப் பாராட்டு என்றே முதலில் எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் அக்கா தங்கை மூன்று பேர். ஆடிப்பெருக்கு நோம்பி முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, முறை வைத்து ஒருத்தி வீட்டில் கூடுவார்கள். எவள் வீடோ அவள்தான் தன் கையால் சந்தகை பிழிய வேண்டும், மற்ற இருவரும் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இந்த வருடம் எங்கள் முறை. மே மாதம் சத்தியமங்கலத்திலிருந்து அவள் அக்கா போன் செய்தார்.

"நீ ஒண்ணும் கஷ்டப்படாத கண்ணு. நம்மூர்ல ஒரு கடைல நல்லாப் போடறாங்க. நான் டப்பால வாங்கிட்டு வந்தர்றேன்."

போனை வைத்துவிட்டு என் மனைவி என்னைப் பார்த்தாள். "கடைச் சந்தகையாமா" என்றாள். சாயங்காலம் நான் ஒரு புது நோட்டு எடுத்து, முதல் பக்கத்தில் "திருகாமல் பிழிவது எப்படி" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

நெம்புகோல் என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. ஒரு மர பெஞ்சு. அதன் நடுவில் குழல், குழலின் அடியில் பழைய மிஷினிலிருந்து கழற்றிய ஓட்டைப் பித்தளை வில்லை. ஒரு முனையில் கீல் வைத்த நாலடி நீளக் கை. கீலிலிருந்து ஓரடியில் அமுக்குக் கட்டை தொங்கும். மறுமுனையை அழுத்தினால் கட்டையில் நாலு மடங்கு விசை இறங்கும். வரைபடத்தை எடுத்துக்கொண்டு உக்கடத்தில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கிற பாயிடம் போனேன். எங்கள் கம்பெனிக்கு மர அச்சுகள் செய்து கொடுத்த பழக்கம். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து, நேராகப் பிடித்து, கடைசியில் என்னைப் பார்த்தார்.

"எல்லா அளவும் புள்ளி வெச்சுப் போட்டிருக்கீங்களே. மரத்துக்குப் படிக்கத் தெரியுங்களா, மைக்ரான் சார்?"

அன்றிலிருந்து நான் மைக்ரான் சார்.

எந்த மரம் என்பதில் ஒரு வாரம் போயிற்று. நான் ஒவ்வொரு மரத்தின் எடையையும் குறித்துக்கொண்டிருக்க, ஒரு சனிக்கிழமை என்னோடு வந்த மனைவி, பட்டறையில் கிடந்த சீவல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். வேம்பைக் கடித்துத் துப்பினாள். பலாவை மென்று, "நல்லாத்தான் இருக்குது, ஆனா சந்தகை மஞ்சளாப் போயிருமுங்க" என்றாள். தேக்கு, மருந்துக்கடை வாசம். பாய் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாகையைக் கடித்ததும் நின்றாள். "இதுல ஒரு ருசியும் இல்லீங்க. இதுதான்."

"செக்கு செய்யற மரமுங்க அக்கா அது. பல்லுலயே கண்டுபுடிச்சுப் போட்டீங்களே" என்றார் பாய். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எதுக்குங்க தராசு தூக்கிட்டு அலையறீங்க?" என்றார்.

வாகையில் ஒரு சங்கடம், அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. குழலைக் கடைந்த அன்று பாய் பதினேழு முறை தும்மினார். எண்ணி எழுதியிருக்கிறேன். அவர் என் தும்மல்களை எண்ணவில்லை, அதனால் என் கணக்கு நோட்டில் இல்லை.

ஜூன் கடைசியில் முதல் வடிவம் தயாரானது. சப்பாத்தி மாவை உருட்டிப் போட்டு என் மனைவி உள்ளங்கையால் நெம்புகோலை அழுத்தினாள். மாவு இறங்கியது. அவள் முகம் சுருங்கியது. வலி நேராக மணிக்கட்டுக்கே போனது. இரண்டாவது வடிவத்தில் முழங்கையை வைத்து அழுத்தத் தோல் திண்டு பொருத்தினேன். முழங்கை வழுக்கி, மோவாய் நெம்புகோலில் இடித்தது. "கையி போச்சு, இப்ப பல்லையும் எடுத்துப்போடுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் பட்டறையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பாய் டீ வாங்கி வந்தார். அவருக்கு ஒரு போன் வந்தது. ஒரு கையில் டீ, ஒரு கையில் போன், பேசிக்கொண்டே உட்கார இடம் தேடி, அந்த நாலடிக் கையின் நுனியில் சாவகாசமாக உட்கார்ந்தார். கை மெதுவாக இறங்கியது. குழலில் மீந்திருந்த மாவு முழுவதும் நூல்நூலாக இறங்கி அவர் கால் விரல்களின்மேல் சுருண்டது. அவர் பேச்சை நிறுத்திக் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எதிர்முனையில் இருந்தவர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

"பாய், எந்திரிக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர் ஓடிவந்தார்.

கையும் வேண்டாம், முழங்கையும் வேண்டாம், உட்கார்ந்தால் போதும். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மூன்று பக்கம் கணக்குப் போட்டேன். அதற்கு ஒரு அளவு தேவைப்பட்டது, மனைவியின் எடை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததைப் பார்த்து "W = 71" என்று எழுதிக்கொண்டேன். மறுநாள் மேசையைத் துடைக்கும்போது அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏனுங்க, இந்த W யாருங்க?"

"அது சும்மா பாரம், அம்மணி. லோடு."

"எழுவத்தொரு கிலோ லோடு நம்மூட்ல என்ன இருக்குது? கேஸ் சிலிண்டரே முப்பது கிலோதானுங்க."

அவள் பென்சிலை எடுத்து 71ஐ அடித்து, பக்கத்தில் 68 என்று எழுதிவிட்டுப் போனாள். நோட்டில் இருப்பது அளவு. அளவு மாறினால் கணக்கும் மாறியாக வேண்டும். 68ஐ வைத்து எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். அதே விசை கிடைக்க நெம்புகோல் கையை இரண்டு அங்குலம் நீட்ட வேண்டியிருந்தது. எதற்குத் திடீரென்று ரெண்டு அங்குலம் என்று பாய் கேட்டார்.

"காரணம் சொல்ல முடியாது பாய்."

"ஊட்டு விசயங்களா?"

"ஊட்டு விசயந்தான்."

மேற்கொண்டு கேட்காமல் நீட்டிக் கொடுத்தார். நுனியில் உட்கார வசதியாகப் பலகை, ஏறி உட்காரச் சின்னப் படி, எல்லாம் வந்தது. ஓரங்களை மூன்று முறை இழைத்து, புடவை மாட்டாதபடி வளைவாக்கினோம். அமுக்குக் கட்டைக்கும் குழலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதில்தான் எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை. நான் புள்ளி இரண்டு மில்லிமீட்டர் என்றேன்.

"ஆவி பட்டா மரம் உப்புமுங்க. கொஞ்சம் லூசா வுடுங்க."

"லூசா விட்டா மாவு மேல ஏறும் பாய். பத்து நாள் நல்லெண்ணெயில ஊறப் போடறேன். ஆவி உள்ளே போகாது."

"சரிங்க. உங்க ஊடு, உங்க மாவு."

பத்து நாள் ஊறப் போட்டேன். சப்பாத்தி மாவை வைத்துப் பதினோரு முறை சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. "ஒரு தடவ சூடா வெச்சுப் பாத்துக்கலாமுங்க" என்று மனைவி சொன்னாள். பதினோரு சோதனை முடிவையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு அரிசி ஊறப்போடப் போனாள்.

அந்த ஞாயிறு எட்டே காலுக்கு அக்காவின் கார் வந்தது. எனக்கு நங்கையா முறை. இறங்கி, சமையலறைக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருந்த அந்த உருப்படியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஏனுங் மாப்பிள்ள, ஆடிப் பதினெட்டு போயி மூணு நாளாச்சு. இப்பத்தான் தூரி கட்டறீங்களா?"

ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் பக்கம் பெண்கள் மரத்தில் தூரி கட்டி ஊஞ்சலாடுவார்கள். அக்கா சொன்ன பிறகுதான் பார்த்தேன், நுனிப் பலகை தூரிப் பலகை மாதிரியே இருந்தது. "தூரி இல்லீங்க, சந்தகை மரம்" என்றேன். "எதுக்கும் இருக்கட்டும், கார்ல டப்பா இருக்குது" என்றார்.

தொண்டாமுத்தூரிலிருந்து தங்கை வர எட்டரை ஆனது. பக்கத்து வாழைத் தோப்பில் யானை நின்றதால் ரோட்டை மறித்துவிட்டார்களாம். இரண்டு சகலைகளும் முன்னறையில் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்கள். பெண்கள் மூன்று பேரும் பின்கட்டுக்கு வந்தார்கள்.

முதல் ஈடு வெந்து இறங்கியது. என் மனைவி சூடான உருண்டைகளைக் குழலுக்குள் போட்டாள். படியில் ஏறினாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். நெம்புகோல் இறங்க ஆரம்பித்தது. லிப்ட் இறங்குகிற மாதிரி சத்தமில்லாமல் அவள் இறங்கி வர, கீழே நான் பிடித்த தட்டில் வெள்ளை வெளேரென்று நூல் சுற்றிச் சுற்றி விழுந்தது. பாதம் தரையைத் தொட்டதும் அவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதே இல்லை, அப்படி ஒரு முகம். தங்கை கை தட்டினாள். நான் தட்டோடு எழுந்து, இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகமில்லை.

இரண்டாவது ஈடு கொஞ்சம் முரண்டு பிடித்தது. மூன்றாவது ஈட்டில், மணி எட்டு ஐம்பத்திரண்டு, கை பாதி வழியில் நின்றுவிட்டது.

என் மனைவி தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். எதுவும் இறங்கவில்லை. இரண்டு ஈட்டின் ஆவியைக் குடித்து மரம் உப்பிவிட்டது. என் புள்ளி இரண்டு மில்லிமீட்டர் போன இடம் தெரியவில்லை.

"சரி கண்ணு, எறங்கு" என்றார் அக்கா, உண்மையிலேயே பரிவாக. "ரெண்டு ஈடு உன்ற கையால புழிஞ்சுட்டீல்ல, போதும். டப்பாவ எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"நான் எறங்க மாட்டேன்க்கா."

"மாவு ஆறுதுல்ல?"

"ஆறட்டும். எறங்க மாட்டேன்."

கண் கலங்கியிருந்தது. பதினோரு சோதனையும் ஞாபகம் வந்தது. தங்கைதான் முதலில் அசைந்தாள். "தள்ளி உக்கோருக்கா" என்று படியில் ஏறி அவள் பின்னால் உட்கார்ந்தாள். கை அரை அங்குலம் இறங்கி நின்றது. அக்கா இரண்டு பேரையும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். முந்தானையை இடுப்பில் செருகினார். "எனக்கும் எடம் வுடுங்கடி" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்த உபரி இரண்டு அங்குலம் இல்லையென்றால் இடம் பற்றியிருக்காது.

"ஆட்டுங்கடி, தூரியாட்ட!"

மூன்று பேரும் உந்த ஆரம்பித்தார்கள். பெஞ்சு கிறீச்சிட்டது. "எறங்குங்க! எறங்குங்க! மூணு பேருக்கு டிசைன் பண்ணலீங்க!" என்று நான் கத்தினேன். என் மனைவி கண்ணில் நீரோடு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க தோப்புல யானை தென்னைய இப்புடித்தான் தள்ளும்" என்றாள் தங்கை.

"யாரச் சொல்றே யானைன்னு?" என்றார் அக்கா.

"பின்னால உக்காந்திருக்கறவங்களத்தான் சொன்னேன்."

சகலைகள் ஓடிவந்து, காட்சியைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்கள். மூன்று பேரையும் கெஞ்சி இறக்கி, பாய்க்குப் போன் போட்டேன்.

"எத்தன மணிக்கு டைட் ஆச்சுங்க, மைக்ரான் சார்?"

"எட்டு ஐம்பத்திரண்டு."

"அதையும் எழுதிப் போட்டீங்களா?" ஒரு நிமிடம் சிரித்தார். "இழைப்புளி எடுத்துட்டு வாரேன். மாவ ஆற வுட்டுராதீங்க. குழல்ல இருக்கறத நோண்டி எடுத்து மறுக்கா ஆவில வைங்க."

இருபது நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். அதற்குள் நானும் ஒரு சகலையும் நெம்புகோலைத் தூக்கிப் பிடித்து இழுத்து, கட்டையைப் பிடுங்கியிருந்தோம். பாய் கீழே உட்கார்ந்து, கட்டையைக் காலால் அணைத்துக்கொண்டு, சரக் சரக்கென்று சுற்றி இழைத்தார். எவ்வளவு என்று கேட்டேன். "போதுங்கற அளவுக்கு" என்றார். அளந்து பார்க்க வெர்னியரை நீட்டினேன். அவர் தும்மினார். நான் தும்மினேன். அக்கா தும்மினார். ஒருத்தர் நிறுத்த ஒருத்தர் தொடங்க, முன்னறையிலிருந்து பேப்பருக்குப் பின்னால் ஒரு தும்மல் கேட்டதும் எல்லோருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. தும்மிக்கொண்டே சிரிப்பது கஷ்டம். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இழைத்த கட்டையைப் போட்டுப் பார்த்தோம். தாராளமாக இறங்கியது. மாவும் தாராளமாகப் பக்கவாட்டில் மேலே ஏறியது. "நான் அப்பவே சொன்னேன்ல பாய்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். அதற்குள் என் மனைவி, பரிமாற வைத்திருந்த வாழையிலையில் ஒன்றைக் கிழித்து, டம்ளரை வைத்து வட்டமாகக் கத்தரித்து, குழலுக்குள் மாவின் தலையில் மூடி மாதிரி போட்டு விரலால் ஓரத்தை அழுத்திவிட்டாள். படியில் ஏறி உட்கார்ந்தாள்.

இறங்கியது. ஒரு பொட்டு மாவு மேலே வரவில்லை.

வாசர். அவள் போட்டது வாசர். அடிபம்பின் உள்ளே இருக்கிற தோல் வாசர் செய்கிற வேலையைத்தான் அந்த இலை செய்தது. இருபத்தேழு வருடம் பம்புகளைத் திறந்து திறந்து மூடியவனுக்கு அது தோன்றவில்லை. பாய் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "எதுவும் சொல்லாதீங்க பாய்" என்றேன். "நான் எங்கீங்க சொன்னேன்?" என்றார்.

மிச்ச மாவு முழுவதையும் அவளே பிழிந்தாள். ஏறுவாள், உட்காருவாள், இறங்குவாள். ஏழாவது தடவைக்கு மேல் வேண்டுமென்றே காலை ஆட்டிக்கொண்டே இறங்கினாள். ஒரே ஒரு உருண்டைக்கு மட்டும் அக்கா வாய்விட்டுக் கேட்டார். "ஒரு தடவ உக்காந்து பாக்கறேன் கண்ணு." உட்கார்ந்தார். நான் தட்டைச் சரியாக வைப்பதற்குள் நூல் சீறிக்கொண்டு வந்து என் கடிகாரத்தின்மேல் விழுந்தது. "நீங்க எத்தன W-ங்க அக்கா?" என்று என் மனைவி கேட்க, எனக்கு மட்டும் புரை ஏறியது.

தேங்காய்ப் பாலும் வெல்லமும் போட்டு ஒரு தட்டு, எலுமிச்சை தாளித்து ஒரு தட்டு, கோழிக் குழம்போடு ஒரு தட்டு என்று பாய் மூன்று தட்டு சாப்பிட்டார். அக்கா நான்கு. கை கழுவிவிட்டு வந்து, என் மனைவியின் வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலிக்குதா?" "இல்லக்கா." "அப்ப அடுத்த வருசம் எங்கூட்டுக்கு இந்தத் தூரியத் தூக்கிட்டு வந்துரு." கார் புறப்பட்டபோது டப்பா பின்சீட்டிலேயே இருந்தது. திறக்காமலே சத்தியமங்கலத்துக்குத் திரும்பிப் போனது.

சாயங்காலம் கட்டையையும் குழலையும் கழுவி, நிழலில் காயவைத்தேன். இடைவெளியை அளக்க வெர்னியரைக் கையில் எடுத்தேன். அவள் வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டாள். டைரியில் திங்கட்கிழமைக்கு எதிரே வழக்கம் போல "இட்லி" என்று எழுதிவிட்டு ஒன்பதரைக்குப் படுத்தேன்.

மறுநாள் அலாரத்துக்கு முன்னால், நாலு முப்பத்தைந்துக்கே கிரைண்டர் சத்தத்தில் விழித்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. எனக்குத் தெரியாமல் அவள் முதல் நாளே அரிசி ஊறப் போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை, ஒறம்பரை, விருந்தாளி என்று யாரும் இல்லை, நாங்கள் இரண்டே பேர். பல் தேய்க்கக் கொல்லைப்பக்கம் திரும்பினேன்.

"அதெல்லாம் அப்புறம்" என்றாள். மாவு வெந்து இறங்கும் வரைகூட என்னை நகர விடவில்லை. வாழையிலை வட்டங்கள் ஏற்கனவே வெட்டி அடுக்கியிருந்தன. உருண்டைகளைப் போட்டு, இலையை மூடி, படியில் ஏறிப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, என்ன பாத்துட்டே நிக்கறீங்க?"

கீழே குந்தி, தட்டைப் பிடித்தேன்.